ஒன்று பாக்கி

ஓட்டல்காரர் திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சானதோடு போன வாரம் நின்றோம். கொடுத்தவர் ஒருவர். கேட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். அதில் நம்முடைய லாண்டரிக் குடும்பமும் ஒன்று.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. லாண்டரியில் கல்லாவில் உட்காருகிறவள் கல்லாக்காரி. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் புருஷன். புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் மடிப்பு. அவர் மடித்துக் கொடுத்த சட்டையைப் பிரிக்க மனம் வராமல் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வேன் ஓட்டுகிறவன் மடிப்பின் தம்பி, அதாவது கல்லாக்காரியின் கொழுந்தன். இவர்களைத் தவிர அந்த வீட்டில் இன்னொருவரும் உண்டு. அவர் பெயர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பது பெரிய சலவை மெஷின். இன்னும் இரண்டு மாடி கட்டப்போகிறேன், என் துணியை உங்கள் குட்டி மெஷின் தாங்காது என்று ஓட்டல்காரர் சொன்ன பேச்சை நம்பித் தவணையில் எடுத்தது. வந்த அன்றே அவருக்குத் தனி அறை, தனி கரண்ட், வேளாவேளைக்குத் தண்ணீர். ஆரம்பித்தால் வீடே அதிரும்படி சத்தம் போடுவார், நடுவில் யாரும் குறுக்கிட முடியாது. கொழுந்தன்தான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தான். அவருக்கு இடம் வேண்டுமென்று பழைய குட்டி மெஷினை விற்றாகிவிட்டது. ஆக இன்றைக்கு மாப்பிள்ளை போனால் லாண்டரி போயிற்று. பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போடவேண்டியதுதான்.

அந்த மாப்பிள்ளைக்கு இன்று சாயங்காலம் வரை கெடு.

தவணைக்காரர் கெட்டவர் இல்லை. இரண்டு தடவை, போகட்டும் என்று விட்டவர்தான். மூன்றாம் தடவையும் விட்டால் அவர் வேலை போய்விடும் என்று அவரே கல்லாக்காரியிடம் சொல்லி வருத்தப்பட்டார். தவணை வராவிட்டால் சாயங்காலம் லாரியோடு வருவதாகச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் தன் சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டும் போனார். மனிதர் அப்படி.

ஓட்டல்காரர் ஒரு வருஷமாகத் தராத சலவைப் பாக்கியில் கால்வாசி வந்தால் போதும், மாப்பிள்ளை தப்பித்துவிடுவார். கல்லாக்காரி விடிந்ததும் பில் கட்டையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு, ஓட்டல்காரரின் சொத்தைப் பொறுப்பெடுத்திருக்கும் அதிகாரியைப் பார்க்கக் கிளம்பினாள்.

கிளம்பும்போது மடிப்பு உள்ளே குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஓட்டல் ஹாலின் பெரிய திரை கிடந்தது. ஒரு சுவரையே மூடுகிற திரை. ஓரத்தில் பொன்னிற வேலைப்பாடு. அதில் கொக்கி மாட்டுகிற இடத்தில் துருக் கறை. அதோடுதான் அவர் நாலு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சுற்றிலும் ஓட்டல் துணிதான். மஞ்சள் கடுதாசி கொடுப்பதற்கு முந்தின நாள் ஓட்டல்காரர் அத்தனை அறைகளின் விரிப்பு, போர்வை, கம்பளி, திரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பியிருந்தார். மறுநாள் ஓட்டலைப் பூட்டி, வாசலில் அதிகாரியின் காவல்காரரை உட்கார்த்திவிட்டார்கள். துணி துவைத்து மடித்துக் கூரைவரை நிற்கிறது. யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

இதனால் மடிப்புக்குத் தூக்கம் கிடையாது. அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் ஒரு கட்டளை உண்டு. துவைத்து முடித்த துணி ராத்தங்கக் கூடாது. உடையவர் கைக்குப் போய்விட வேண்டும். "இன்னைக்காவது எங்க கொண்டுபோய்க் கொடுக்கறதுன்னு கேட்டுட்டு வா" என்றார் மடிப்பு, தலையைத் தூக்காமல்.

"நான் பாக்கி கேக்கப் போறேங்க. துணி கொடுக்க இல்லை."

"ரெண்டையும் கேளேன்" என்றார் அவர். இந்த மனுஷனோடு காலம் தள்ளுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் பஸ் ஏறினாள்.

அதிகாரியின் அலுவலகம் மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏறி முடித்தபோது அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அங்கே வராந்தா பெஞ்சு முழுவதும் ஓட்டல்காரரிடம் ஏமாந்தவர்கள். பால்காரர், பெயின்டர், காய்கறி சப்ளை செய்தவர், நாற்காலி வாடகைக்கு விட்டவர். எனக்கு இத்தனை, உனக்கு எத்தனை என்று ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தன்னைவிட அதிகம் இழந்தவனைக் கண்டால் ஒரு சின்ன ஆறுதல் வருமே, அது ஒவ்வொரு முகத்திலும் வந்து போயிற்று. ஏ.சி. மெக்கானிக் ஒருவர் மட்டும் கால்மேல் கால் போட்டு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இவருக்கு மூளை குழம்பிவிட்டது, பாவம் என்று கல்லாக்காரி நினைத்தாள்.

அதிகாரி ஓர் அம்மாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். காலையிலிருந்து ஒரே கதையை நூறு வாயில் கேட்டுக் களைத்திருந்தாள். கல்லாக்காரியின் முறை வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கல்லாக்காரியின் பில்களை வாங்கிப் புரட்டினாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். கல்லாக்காரிக்கு உயிர் வந்தது.

"அப்ப எப்பங்க கிடைக்கும்?"

அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னாள். முதலில் இந்த அலுவலகத்தின் செலவு. அடுத்தது ஓட்டலில் வேலை பார்த்தவர்களின் சம்பளம். அதற்கடுத்து கட்டடத்தை அடமானம் பிடித்த பாங்க். இவர்களெல்லாம் எடுத்தது போக மிச்சம் இருந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

"மிச்சம் இருக்குமாங்க?"

"நூத்துக்கு ரெண்டு தேறலாம். வருஷக்கணக்கு ஆகும்மா."

கல்லாக்காரி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். மெஷின் இன்று சாயங்காலம் போகிறது, அதில்தான் நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"ஓட்டல்காரரோட பொருள் ஏதாவது உங்க கைவசம்..."

"இல்லீங்க" என்றாள் கல்லாக்காரி.

கேள்வி முடியக்கூட இல்லை. அவளும் யோசிக்கவில்லை. கைவசம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஏன் என்று சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு பெரிய வீட்டு அம்மாளின் சால்வை காணாமல் போனது. லாண்டரிக்காரர்கள் கைவசம்தான் இருக்கிறது என்று புகார். போலீஸ் வாசலில் நின்று அதே வார்த்தையைத் தெரு கேட்கும்படி கேட்டது. அலமாரியைக் கொட்டிக் கவிழ்த்தார்கள். கடைசியில் சால்வை அந்த அம்மாளின் பெட்டியிலேயே இருந்தது. மன்னிப்புக் கேட்க யாரும் வரவில்லை. அன்றிலிருந்து பிறத்தியார் துணி கைவசம் இருக்கிறது என்றாலே கல்லாக்காரி வாசலில் போலீஸ் நிற்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

"எல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சுங்க. ஒரு கைக்குட்டை கூட எங்ககிட்ட இல்லை" என்று சேர்த்துக்கொண்டாள்.

அதிகாரி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "நிச்சயமா? இல்லைன்னா பொது வரிசைதான்" என்றாள். பொது வரிசை என்றால் நாணயமானவர்கள் வரிசை போலிருக்கிறது என்று கல்லாக்காரி தலையாட்டினாள். கைவசம் எதுவும் இல்லை என்று எழுதி நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டாள்.

வெளியே வந்ததும்தான் உறைத்தது. கூரைவரை ஓட்டல் துணியை வைத்துக்கொண்டு இல்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்று. சாயங்காலமே சோதனைக்கு வந்துவிட்டால்? போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். ஓட்டல் துணி அத்தனையும் இந்த நிமிஷமே வேனில் ஏற்றி ஓட்டல் காவல்காரரிடம் ஒப்படைக்கச் சொன்னாள். ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது என்றாள்.

"அப்பாடா" என்றார் மடிப்பு. ஒரு வாரமாக அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் கேட்டதில்லை. பாக்கி என்னவாயிற்று என்று அவர் கேட்கவும் இல்லை.

பில்லுக்கு முத்திரை போட்டுத் தரும்வரை அவள் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. பக்கத்தில் ஏ.சி. மெக்கானிக். அவர் கையில் அவருடைய காகிதம் வந்ததும் வாயெல்லாம் பல்.

"எனக்கு முழுசா வந்துடும்க்கா" என்றார்.

நூற்றுக்கு இரண்டுதான் என்று தனக்குச் சொன்னார்களே என்றாள் கல்லாக்காரி.

"அது பொது வரிசை. ஓட்டல் ஏ.சி. எல்லாம் ரிப்பேருக்கு என் கடையில கிடக்கு. கைவசம் இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னேன். வேலை செஞ்சவன் கையில பொருள் இருந்தா, கூலி வர்ற வரைக்கும் கொடுக்க வேண்டியதில்லையாம். யாருக்கு வேணுமோ அவங்க பாக்கியைக் கட்டிட்டு எடுத்துக்கணும். பாங்க்கா இருந்தாலும் சரிதானாம்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "நீங்க லாண்டரிதானே? உங்ககிட்டதான் வண்டி வண்டியா துணி இருக்குமே?"

கல்லாக்காரி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். தன் வாயாலேயே தன் வீட்டில் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று என்று புரிய அவளுக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை.

புருஷனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. கொழுந்தனைக் கூப்பிட்டாள். போன் அணைத்துக் கிடந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அவனிடம் சொன்னவள் அவளேதான். அந்த ஒரு பேச்சையாவது அவன் மீறியிருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது. மறுபடி அதிகாரியின் அறைக்கு ஓடினாள். அம்மாள் கோர்ட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டதாகவும், நாளைக் காலைதான் வருவாள் என்றும் வாசலில் இருந்த ஆள் சொன்னான்.

மூன்று மாடியையும் இறங்கிய விதம் அவளுக்கே தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து டாக்சி ஏறாதவள் அன்றைக்கு ஏறினாள். சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க என்று டிரைவரை அரித்தெடுத்தாள். அவர் சிவப்பு விளக்கைக் காட்டினார். வேன் பழுதாகி நடுத்தெருவில் நின்றுவிடக் கூடாதா, டயர் வெடிக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டாள். அதே வேன் பழுதாகக் கூடாது என்று தினம் வேண்டிக்கொள்கிறவளும் அவள்தான்.

வேன் சமர்த்தாக ஓடிப் போய்ச் சேர்ந்திருந்தது. ஓட்டலின் பின்கேட்டில் கதவைத் திறந்துபோட்டுக் காலியாக நின்றது. கொழுந்தன் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணி சொன்ன வேலையை அரை மணியில் முடித்த பெருமை அவன் முகத்தில் இருந்தது.

காவல்காரர் வயசானவர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். உள்ளே போன சாமானை அதிகாரி உத்தரவில்லாமல் ஒரு துண்டுகூட வெளியே விட முடியாது என்றார். தன்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். கெஞ்சினால் நடக்கிற காரியம் இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கல்லாக்காரி கேட் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்துப் படிக்கட்டில் இருந்து ஓட்டல்காரர் எழுந்து வந்தார்.

தன் ஓட்டலுக்குள் நுழைய அவருக்கே அனுமதி இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தினம் வந்து எதிரே உட்காருகிறாராம். அவர் சட்டை கசங்கியிருந்தது. அவரைக் கசங்கின சட்டையில் அவள் பார்த்ததே கிடையாது, ஏனென்றால் அவர் சட்டைகளையும் மடிப்புதான் தேய்ப்பார். வழியெல்லாம் இந்த ஆளைப் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று பத்து வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

அவர் காலி வேனைப் பார்த்தார். கொழுந்தனைப் பார்த்தார். "கொடுத்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார். வேனுக்குள் குனிந்து பார்த்தார். "எல்லாத்தையுமா?"

அவள் தலையாட்டினாள்.

"உங்க கையில இருக்கட்டும்னுதான்மா அனுப்பினேன். வேற எதைக் கொடுத்தாலும் உங்ககிட்டேருந்து பிடுங்கிக்குவாங்க. துவைக்கப் போட்டதை யாரும் தொட முடியாதுன்னு வக்கீல் ஒரு பேச்சுக்குச் சொன்னார். அன்னைக்கு ராத்திரியே நானே எல்லா ரூம்லயும் திரையைக் கழட்டினேன். வெளியில சொல்லக்கூடாது, சொன்னா எனக்கும் வம்பு உங்களுக்கும் வம்பு. நீங்களே புரிஞ்சுக்குவீங்கன்னு நினைச்சேன்."

"எங்களுக்கு எப்படிங்க புரியும்?" என்றாள் கல்லாக்காரி. "எங்ககிட்ட துணி வந்தா துவைப்போம். துவைச்சா கொடுத்துடுவோம். எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க."

சொல்லிவிட்டு அழுதாள். ஏமாற்றினவன் என்று இத்தனை நாள் கரித்துக்கொட்டிய மனிதர், மூழ்குகிற நேரத்தில் அவர்களை மட்டும் நினைத்திருக்கிறார். அதையும் அவள் தன் கையாலேயே கெடுத்திருக்கிறாள். கோபப்பட ஒரு ஆளாவது மிச்சம் இருந்தார், இப்போது அதுவும் இல்லை. இந்த எண்ணம்தான் அவளை ரொம்ப வாட்டியது.

ஓட்டல்காரர் எதையோ யோசித்தார். "ஹால் திரையுமா போயிடுச்சு?" என்றார். மற்றதெல்லாம் பழசு, விலைபோகாது. ஆனால் ஓட்டலை அப்படியே வாங்கிக்கொள்ள ஒரு கம்பெனிக்காரர்கள் நாளைக்குப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் ஆசைப்படுவதே அந்த ஹாலுக்குத்தான். திரை இல்லாவிட்டால் அந்தச் சுவரின் வெடிப்பு கண்ணில் அறையும். வந்தவர்கள் வந்த வழியே போய்விடுவார்கள். அந்த ஒரு திரைக்காக உங்கள் பாக்கியை அதிகாரி அன்றைக்கே கட்டுவாள் என்றார்.

கொழுந்தன் தலையைச் சொறிந்தான்.

"அது வரலை அண்ணி."

"என்னடா சொல்றே?"

"அண்ணன் கொடுக்கலை. கறையோட கொடுக்கமாட்டேன்னுட்டார். அது போனதும் தானே கொண்டுவந்து தரேன்னு சொல்லச் சொன்னார். துணிக் கணக்குச் சீட்டுலயும் அதை எழுதிக் கொடுத்திருக்கார்."

கல்லாக்காரி எழுந்த வேகத்தில் சேலை கேட்டில் மாட்டிக் கிழிந்தது. அதைப் பார்க்கவும் அவளுக்கு நேரமில்லை. வந்த டாக்சியிலேயே வீடு போய்ச் சேரும்வரை ஒரே பிரார்த்தனைதான். கறை போகக் கூடாது, கறை போகக் கூடாது. லாண்டரிக்கு வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணும் அப்படி வேண்டிக்கொண்டிருக்க மாட்டாள்.

வீட்டு வாசலில் லாரி நின்றது.

மாப்பிள்ளையைத் தூக்க வந்த ஆட்கள் வாசல்படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். தவணைக்காரர் அவளுடைய கல்லா நாற்காலியில் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார். உள்ளே மாப்பிள்ளை ஓடிக்கொண்டிருப்பதாகவும், சுற்று முடியாமல் கண்ணாடிக் கதவு திறக்காது என்று மடிப்பு சொல்லிவிட்டதாகவும், அதனால் காத்திருப்பதாகவும் சொன்னார். பணம் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். நாளை காலை வரை பொறுக்கக் கூடாதா என்று அவள் கேட்டாள். அவர் லாரியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஆபீசிலிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது என்றார்.

உள்ளே மடிப்பு கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள்தான் ஹால் திரை புரண்டுகொண்டிருந்தது. ஆட்கள் வந்து நின்ற பிறகுதான் அவர் அதைப் போட்டிருக்கிறார். கடைசியாக ஒரு தடவை மாப்பிள்ளையால் ஆனதைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியதாம். "மாப்பிள்ளை கைவிட மாட்டார், பாரேன்" என்றார்.

சுற்று நின்றது. கதவு திறந்தது. இருவருமாகத் திரையை வெளியே இழுத்தார்கள். கொக்கி மாட்டும் இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் அவர் விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கறை இருந்த இடமே தெரியவில்லை.

"போயிடுச்சு!" என்றார் மடிப்பு. அப்பா இறந்த பிறகு அவள் அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கல்லாக்காரி சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். குழாயைக் கழற்றினார்கள். அடியில் இருந்த போல்ட்டுகளைக் கழற்றினார்கள். ஒரு பக்கம் நிலைப்படி இடித்தது, மாப்பிள்ளையைச் சாய்த்து எடுத்தார்கள். பார்த்து, பார்த்து என்று தவணைக்காரர்தான் பதறினார். மடிப்பு திரும்பிப் பார்க்கவே இல்லை. நீள மேஜையில் திரையைப் போட்டு, ஈரம் போகத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆவி எழும்பி அவர் முகத்தை மறைத்தது. கொழுந்தன் வந்து சேர்ந்தபோது லாரி தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. அவன் காலி அறையில் ஒழுகின தண்ணீரைத் துடைக்க உட்கார்ந்துவிட்டான். தரையில் நான்கு ஓட்டைகள்தான் மிச்சம்.

மடிப்பு திரையை மடிக்க ஆரம்பித்தார். அந்தப் பெரிய துணி அவர் கையில் பாதியாகி, அதில் பாதியாகி, கடைசியில் ஒரு தலையணை அளவுக்கு வந்து நின்றது. ஓரங்கள் நூல் பிடித்ததுபோல் இருந்தன. "கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடறேன்" என்று செருப்பைத் தேடினார்.

"கொடுக்க வேண்டாங்க."

அந்தக் கடையில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. அவர் புரியாமல் பார்த்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி கேட்டதும், தான் இல்லை என்று கையெழுத்துப் போட்டதும், மெக்கானிக் சிரித்ததும், ஓட்டல்காரர் கசங்கின சட்டையோடு சொன்னதும். திரையை மட்டும் வைத்துக்கொண்டால் நாளைக்கே பாக்கி வரும், மாப்பிள்ளையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றாள். காலையில் முதல் ஆளாகப் போய், பொய் சொன்னேன் என்று அதிகாரியிடம் ஒப்புக்கொள்வதாகவும், என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னாள்.

மடிப்பு செருப்பை விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போலீஸ் வந்து நின்னப்ப நீதானே சொன்னே" என்றார். "பிறத்தியார் துணி நமக்கு எதுக்குன்னு."

"ஆமாங்க. சொன்னேன்."

"இப்ப வேணுமா?"

அவள் காலி அறையைக் காட்டினாள். "இப்ப நமக்குன்னு வேற என்னங்க இருக்கு?"

அவர் தரையில் இருந்த நான்கு ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். பேசாமல் இருப்பவரை என்ன செய்வது? இந்த மனிதரை மாற்ற முடியாது, மாற்றினால் அவர் வேறு யாரோ ஆகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாளே, அந்த அளவுக்கு வந்துவிட்டது நிலைமை.

வாசலில் செருமல் கேட்டது. ஓட்டல் காவல்காரர் நின்றார். கையில் மடிப்பு எழுதிக் கொடுத்த சீட்டு.

"ஒண்ணு பாக்கின்னு எழுதியிருக்கீங்களே" என்றார். "நாளைக்கு ஆள் வருதாம். கணக்கு நேர் பண்ணச் சொல்லி அதிகாரி அம்மா போன் போட்டாங்க. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

கல்லாக்காரி அந்தச் சீட்டையே பார்த்தாள். ஒரு வருஷமாக பாக்கி, பாக்கி என்று நடையாய் நடந்தவள் அவள். இன்றைக்கு அந்த ஓட்டலிலிருந்து அவள் வாசலுக்கே பாக்கி கேட்டு வந்து நிற்கிறார்கள்.

மடிப்பு எழுந்தார். போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மேஜையிலிருந்து மடித்த திரையை எடுப்பார், வாசல்வரை போவார், இரண்டு கையாலும் கொடுப்பார். அவருக்கு வேறு விதமாகக் கொடுக்கத் தெரியாது.

"கறை இன்னும் போகலீங்க" என்ற குரல் கேட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். மடிப்பு மேஜைக்கும் வாசலுக்கும் நடுவில் திரையை மறைத்துக்கொண்டு நின்றார். கறை விஷயத்தில் அந்த மனிதர் பொய் சொன்னதே இல்லை. போகாத கறையைப் போயிற்று என்று அவர் சொன்னதில்லை. போன கறையைப் போகவில்லை என்று சொல்ல வேண்டிவரும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அதை அவளுக்காகச் சொன்னார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காவல்காரர் அந்த முகத்தையும், அவருக்குப் பின்னால் தெரிந்த மேஜையையும் மாறிமாறிப் பார்த்தார். சீட்டை நான்காய் மடித்துப் பையில் வைத்தார்.

"சரி, அப்படியே சொல்லிடறேன். காலையில அதிகாரி அம்மாவே இந்தப் பக்கம்தான் வர்றாங்க. நேர்லயே வந்து பாத்துக்குவாங்க."

அவர் போன பிறகும் மடிப்பு அதே இடத்தில் நின்றார். பின்னால் நீட்டிய கை மட்டும் திரையின் மேல் இருந்தது. தேய்த்த சூடு அதில் இன்னும் ஆறவில்லை.